அப்பத்தா பெட்டியில இருந்த வாழமர நோட்டு: 1942-ல நம்ம கடக்கரை எப்படி இருந்துச்சு?

நெய்தல்மகள்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு தொண்டிக்கு பக்கத்துல ஒரு ஊரு, இப்ப இருக்குறது மதுரையில. போன மாசம் ஊர்ல பழைய வீட்டப் பிரிச்சப்ப அப்பத்தாவோட டிரங்குப் பெட்டி எங்கிட்ட வந்துச்சு. உள்ள ஒரு சுங்குடி சேலை, நடுவுல ஓட்டை போட்ட காசு ஆறு, நாலு கடுதாசி, அப்புறம் ஒரு கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்த நோட்டு மூணு. நோட்டுல தாரோட வாழமரம் படம், 10 டாலர்னு இருக்கு, ஜப்பான் கவர்மெண்டுன்னு இங்கிலீசுல எழுதிருக்கு, எண் இருக்க வேண்டிய எடத்துல எம்னு ஆரம்பிக்கிற எழுத்து மட்டும் இருக்கு.

எங்க அப்பாவப் பெத்த அய்யா அக்கரைக்குப் போனவுக, திரும்பி வரவே இல்ல. அப்பா பொறக்கும்போதே அவுக இங்க இல்லையாம். சொந்தக்காரங்கள்ல சிலர் ரங்கூன்ங்கிறாக, சிலர் மலாயாங்கிறாக. அப்பத்தா 1994-ல போயிட்டாக, கடைசி நாள் வரைக்கும் தாலி கழட்டல, பொட்டு அழிக்கல, நாங்க பிள்ளைகளா இருந்தப்ப கேட்டா "சப்பான்காரன் வந்த வருசம் எல்லாம் நின்னு போச்சுடி"ன்னு ஒத்த வரி சொல்லிட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவாக.

எனக்குத் தெரியவேண்டியது ரெண்டுதான். இந்த நோட்டு எந்த நாட்டு நோட்டு? அப்புறம் எல்லாம் நின்னு போச்சுன்னா என்னென்ன நின்னுச்சு? பள்ளிக்கூடத்துல ரெண்டாம் உலகப் போர் படிச்சு பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கிருக்கேன், ஆனா அந்தப் பாடத்துல எங்க ஊரு எங்கயும் வரல. உங்க வீட்டுப் பெரியவுக சொன்னது எதுவா இருந்தாலும் எழுதுங்க, சின்ன விசயமா இருந்தாலும் பரவால்ல.

கண்மாய்க்கரை:
அம்மா, அது மலாயா நோட்டுதான், சந்தேகமே வேணாம். ஜப்பான்காரன் பிடிச்ச ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா நோட்டு அடிச்சான். மலாயாவுக்கு டாலர், எழுத்து எம். பர்மாவுக்கு ரூபாய், எழுத்து பி. உங்க அய்யா ரங்கூன்ல இருந்திருந்தா பெட்டியில ரூபாய் நோட்டுல்ல இருந்திருக்கணும். அந்த பத்து டாலர்ல வாழமரம் இருந்ததாலதான் அங்க சனங்க மொத்தத்துக்கும் வாழமர நோட்டுன்னே பேர் வச்சாங்க. 1945 செப்டம்பர்ல வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது செல்லாதுன்னு சொல்லிட்டான், மூணு வருசம் நாலு வருசம் உழைச்ச காசு ஒரே நாள்ல வெறும் காயிதமாப் போச்சு. அப்ப யாரோ ஒருத்தர் யுத்தம் முடிஞ்ச பெறகு கொண்டாந்து உங்க அப்பத்தா கையில குடுத்துருக்கணும், ஏன்னா யுத்தம் நடக்கையில அங்கேருந்து நம்ம ஊருக்கு நோட்டு அனுப்புற வழி ஒண்ணும் கெடையாது. வீட்டுல மூத்தவங்க யாராவது இருந்தா அத மட்டும் கேட்டுப் பாருங்க.

ஓட்டைக்காசு நம்ம காலணாதான். 1943-ல இருந்து செம்ப மிச்சம் பிடிக்க நடுவுல ஓட்டை போட்டு அடிச்சாங்க. வெள்ளி ரூபாயிலயும் 1940-லயே வெள்ளிய பாதியாக் கொறச்சுட்டு ஒரு ரூபாய் காயித நோட்டு விட்டாங்க, சனங்க பழைய வெள்ளி ரூபாய எல்லாம் பானையில போட்டு பொதச்சுட்டாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு.

எல்லாம் நின்னு போச்சுன்னு அவங்க சொன்னது சரியான வார்த்தை. யுத்தம் 1939 செப்டம்பர் 3-லயே வந்துருச்சு, வைஸ்ராய் லின்லித்கோ இங்க ஒருத்தரையும் கேக்காம இந்தியாவும் யுத்தத்துல இருக்குன்னு அறிவிச்சாரு, அந்தக் கோவத்துல அக்டோபர் கடைசியில ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணுச்சு. ஆனா நம்ம கிராமத்துக்கு அது பேப்பர் சமாச்சாரம், வெலவாசி கொஞ்சம் ஏறுச்சு, அம்புட்டுத்தான். வீட்டுக்குள்ள வந்தது 1941 டிசம்பர்லதான். 8-ம் தேதி சப்பான்காரன் மலாயாவுல கோத்தாபாரு கரையில எறங்குறான், 11-ம் தேதி பினாங்குல குண்டு, 23-ம் தேதி ரங்கூன்ல குண்டு. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் போச்சு, மார்ச் 8 ரங்கூன் போச்சு. தையும் மாசியும் முடியுறதுக்குள்ள அக்கரைச் சீமை மொத்தமும் அவன் கையில.

நம்ம சீமை வானம் பாத்த பூமி. கண்மாய் பெருகலன்னா அந்த வருசம் சோறு ரங்கூன் அரிசிதான், அத வாங்குற காசு அக்கரை மணியார்டர்தான். ரெண்டும் சொல்லிவச்ச மாதிரி ஒண்ணா நின்னுச்சு. மண்ணெண்ணெயும் நெறைய பர்மாவுல இருந்து வந்தது, அதுவும் போச்சு. அப்புறம் வந்ததுதான் கண்ட்ரோல். அரிசிக்கு கண்ட்ரோல், துணிக்கு கண்ட்ரோல், சீனிக்கு கண்ட்ரோல், நெல்ல இந்த ஊர்ல இருந்து அந்த ஊருக்கு வண்டியில ஏத்த பெர்மிட். எங்க அம்மா சாகுற வரைக்கும் ரேஷன் கடைய கண்ட்ரோல் கடைன்னுதான் சொன்னாங்க.

பாம்பன் அலைவாய்:
அக்கா நான் பாம்பன், எங்க அம்மாச்சி சொன்னத சொல்றேன்.

1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு. காலையில கோயில்ல பூசை கண்டுட்டு சனம் எல்லாம் வீட்டுக்கு வந்து நல்லநாளுக்கு சமைச்சிட்டு இருக்கு, அதே காலையில கொழும்புல சப்பான் பிளேன் குண்டு போட்டுருக்கான். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாச்சியோட அண்ணன்மாரு ரெண்டு பேரும் கொழும்பு ஆர்பர்ல மூட்டை தூக்குனவுக. ராத்திரி தனுஷ்கோடி பக்கமிருந்து ரயில்ல வந்த ஒரு ஆளு சொல்லித்தான் தெரிஞ்சுச்சாம், சமைச்ச சோத்த யாரும் தொடல, பொம்பளைக எல்லாம் கோயில்ல போயி உக்காந்து விடிய விடிய ஜெபமாலை. மறுநாள் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு, 9-ம் தேதி திருகோணமலையில. வடக்க ஒண்ணு தெக்க ஒண்ணுன்னு போட்டவன் நடுவுல நம்ம பாலத்த விடுவானான்னு பேச்சு. அப்ப எங்க தீவுக்கு அந்த ரயில் பாலத்த விட்டா வேற வழி ஏது, தண்ணிய தவிர எல்லாமே அதுலதான் வரணும். கொஞ்சப் பேரு சட்டி பானைய தூக்கிக்கிட்டு மண்டபம் தாண்டி உள்நாட்டுக்கு ஓடிட்டாக. எங்க வீட்டுல எங்க ஓடுறது, மீன் பிடிக்கிற வத்தைய விட்டுட்டு எங்க போறதுன்னு பூட்டன் வரமாட்டேன்னுட்டாராம்.

அந்த வாரத்துல இருந்து தலைமன்னார் கப்பல் வர்றப்பல்லாம் சனம் நெருக்கியடிச்சு வந்துச்சுன்னும், மூத்த அண்ணன் அதுல கட்டுன சாரத்தோட வந்து எறங்குனாகன்னும் அம்மாச்சி சொல்லும். சின்னவுக வரல. ஒரு மாசம் கழிச்சு வந்தாக. அந்த ஒரு மாசமும் அம்மாச்சியோட அம்மா போட்மெயில் ரயில் சத்தம் கேக்குறப்பல்லாம் ஸ்டேசனுக்கு ஓடி ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துருக்கு.

குண்டு எங்க ஊர்ல விழல. ஆனா பசி வந்துருச்சு அக்கா. கடல்ல மீன் கெடக்கு, சட்டியில அரிசி இல்ல. வெறும் மீனையே அவிச்சுத் தின்னு பிள்ளைகளுக்கெல்லாம் வயித்தால போகும். கொழும்புக்குப் போற கருவாடு போகாம தேங்கிப்போச்சுன்னு கூடையத் தூக்கிக்கிட்டு மண்டபம் வரைக்கும் ரயிலு, அங்கேருந்து உச்சிப்புளி பெருங்குளம்னு வீடு வீடா நடந்து கருவாட்டக் குடுத்துட்டு கேப்பையும் கம்பும் வாங்கிட்டு வருமாம், ஒத்தப்படி கேப்பைக்கு கூடையில பாதி போயிரும். அப்ப நைலான் வலையெல்லாம் கெடையாது, பருத்தி நூல் வலைதான், உடுத்துற துணிக்கே நூல் இல்லாதப்ப வலைக்கு எங்க போக, கிழிஞ்சத முடிஞ்சு முடிஞ்சு கண்ணெல்லாம் முடிச்சாப்போச்சும்பாக. வெளக்குக்கு சீமெண்ணெய் இல்ல, புன்னக்கொட்டைய ஆட்டி எண்ணெய் எடுத்து எரிச்சாக, அதோட புகை மூக்குலயே நிக்குமாம். அந்த வெளிச்சமும் கடல் பக்கம் தெரியக்கூடாதுன்னு சாக்க வச்சு கதவ மறைச்சாகளாம்.

கீழக்கரை மேலத்தெரு:
அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரி, உங்க அப்பத்தா பொட்டு அழிக்கலன்னு எழுதுனத படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தவுக இருந்தாக.

எங்க ஊர்ல அப்ப வீட்டுக்கு ஒரு சபராளி இருப்பாக, மலாயா, பர்மா, கொழும்புன்னு. தபால்காரர் தெருமுனையில திரும்புனா பொம்பளைக கதவுக்குப் பின்னாடி வந்து நின்னுக்குவாகளாம், அவர் தாண்டிப் போற சத்தம் கேட்டாத்தான் உள்ள போவாக. 1941 கடைசிக்கு மேல அந்த ஆளு தெருவுக்குள்ள வர்றதே கொறஞ்சு போச்சு. எங்க உம்மாவோட பெரியம்மாவுக்கு மாப்பிள்ளை ஈப்போவுல. கலியாணம் முடிச்சு ஏழு மாசம்தான் இங்க இருந்துருக்காக. நகைய ஒவ்வொண்ணா வித்து சாப்புட்டாக, அதெல்லாம்கூட தாங்கிக்கிட்டாக. தாங்க முடியாதது என்னன்னா தான் யாருன்னே அவுகளுக்குத் தெரியல. மௌத் செய்தி வந்தா இத்தா இருக்கலாம், புருசன் எறந்தவுக இருக்குற காலம், நாலு மாசம் பத்து நாள், அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. செய்தியே வரலன்னா எதுல இருந்து எண்ணுறது? இத்தனைக்கும் அதே 1939-லதான் முஸ்லிம் பொண்ணுகளுக்கு ஒரு சட்டம் வந்துச்சு, புருசன் இருக்குற எடம் நாலு வருசம் தெரியலன்னா கோர்ட்டுல கேட்டு விடுதலை வாங்கிக்கலாம்னு. பெரியம்மாவுக்கு அத யாரோ சொல்லவும் சொல்லிருக்காக. "நான் கையெழுத்துப் போட்டா நானே அவுகள மௌத்தாக்குன மாதிரி இல்லையா"ன்னு கேட்டாகளாம், அதுக்கு மேல யாரும் அந்தப் பேச்ச எடுக்கல.

1946-ல கப்பல் ஓட ஆரம்பிச்சதும் நாகப்பட்டினத்துக்கு ஆள் வருதுன்னு கேட்டா ஊர்ல இருந்து கெளம்பிப் போயி எறங்குறவுகள்ட்ட எல்லாம் விசாரிப்பாக. பெரியம்மாவோட மாப்பிள்ளை 1947-ல வந்தாக, அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஆளு அடையாளமே தெரியல, வாசல்ல நின்னவுகள யாருன்னு கேட்டதே பெரியம்மாதானாம். அவுக அங்க என்ன பட்டாகன்னு ஒரு வார்த்தை சொல்லல, சயாம்ங்கிற பேர, இப்ப தாய்லாந்து, அதக் கேட்டா மட்டும் எந்திரிச்சு வெளிய போயிருவாக. சயாம்ல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுறதுக்கு மலாயாவுல இருந்து நம்ம தமிழ் சனத்த அள்ளிட்டுப் போனான் சப்பான்காரன், ஆயிரக்கணக்குல காய்ச்சல்லயும் காலராவுலயும் அங்கயே போயிட்டாக. சகோதரி, உங்க அய்யா எந்த ஊர்ல இருந்தாகன்னு கடுதாசியில பாருங்க.

திருவாடானைப் பையன்:
எங்க பக்கத்து விசயம் ஒண்ணு சொல்லிடுறேன். அதே 1942 ஆகஸ்ட்ல காந்திய அரஸ்ட் பண்ணதும் இங்க சும்மா இருக்கல, காங்கிரஸ்காரரு சின்ன அண்ணாமலைய பிடிச்சு திருவாடானை ஜெயில்ல வச்சிருந்தாங்க, சனங்களே தெரண்டு வந்து ஜெயில ஒடச்சு அவர வெளிய கொண்டாந்தாங்க. அதுக்குப் பெறகு போலீஸ் தேடுதல், ஆம்பளைங்க ராத்திரி வீட்டுல படுக்கவே மாட்டாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. வாசல்ல போலீசு, கடல்ல சப்பான்காரன், பானையில ஒண்ணும் இல்ல. எங்க தாத்தாவோட தம்பி சம்பளம் வருதேன்னு வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்துட்டாரு, மச்சினன் சிங்கப்பூர்ல நேதாஜி படையில. ரெண்டு பேரும் பர்மா பக்கம்தான் இருந்துருக்காங்க. வீட்டுல கெழவி சாமி கும்பிடுறப்ப யாரு ஜெயிக்கணும்னு வேண்டுறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் வந்தாப் போதும்னு மட்டும் வேண்டுச்சாம். ரெண்டு பேரும் வந்தாங்க.

நெய்தல்மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிச்சிட்டு ரெண்டு நாள் எதுவும் எழுத முடியல. கண்மாய்க்கரை சார் சொன்ன மாதிரி அத்தையப் போயிப் பாத்தேன், அப்பாவோட அக்கா, 87 வயசு, கண்ணு மங்கிருச்சு, ஞாபகம் நல்லா இருக்கு. நோட்ட கையில குடுத்ததும் தடவிப் பாத்துட்டு இன்னுமா இருக்குன்னாக.

யுத்தம் முடிஞ்சு அடுத்த வருசம் ஒரு ஆளு வந்தாகளாம், காளையார்கோவில் பக்கத்து ஆளு, ஒல்லியா, காலெல்லாம் புண்ணு. அய்யா செட்டியாருக வட்டித்தொழில் நடத்துற கிட்டங்கியில சமையலுக்கு இருந்துருக்காக, இவரு அங்க பெட்டியடியில எடுபிடி. சப்பான்காரன் வந்து கிட்டங்கிய பூட்டுனதும் வேலை இல்ல, 1943-ல ஒருநாள் படம் காட்டுறோம்னு ஆளுகள கூப்புட்டு கதவ அடச்சு அப்படியே லாரியில ஏத்துனாகளாம், அதுல அய்யா இருந்தாக, இவரு அன்னைக்கு காய்ச்சல்னு போகல. நோட்டு மூணும் அய்யா இவர்ட்ட குடுத்து வச்சதாம், ஊருக்கு அனுப்ப வழி கெடச்சா அனுப்புன்னு. செல்லாதுன்னு அவருக்கும் தெரியும், இருந்தும் கொண்டாந்து குடுத்துருக்காரு. அப்பத்தா கம்பங்கூழு கரைச்சுக் குடுத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாகளாம், "நீங்க கண்ணால பாத்தீகளா"ன்னு. அவரு பாக்கல ஆத்தான்னுருக்காரு. அதோட சரி, அப்பத்தா அழுகலையாம், நோட்ட முடிஞ்சு பெட்டியில வச்சுட்டு வயலுக்குப் போயிட்டாகளாம்.

அத்தை இன்னொன்னும் சொன்னாக. புளியங்கொட்டைய வறுத்து ஊறவச்சு தின்ன வருசம் அதுதானாம், ஒத்த சேலைய அப்பத்தாவும் அவுக மாமியாவும் மாத்தி மாத்தி உடுத்திக்கிட்டு ஒருத்தர் வெளிய போனா ஒருத்தர் வீட்டுக்குள்ளயே இருப்பாகளாம். பெட்டியில இருந்த சுங்குடி சேலை அய்யா போகும்போது மதுரையில வாங்கிக் குடுத்தது. அந்தக் காலத்துலயும் அத எடுத்து உடுத்தல. அது மடிப்பு கலையாம இருக்கு.

கடுதாசி நாலையும் பிரிச்சுட்டேன். கடைசி ஒண்ணு 1941 நவம்பர். புள்ளைக்கு என்ன பேர் வச்சீகன்னு கேட்டுருக்காக, பதில் போனாலும் சேந்துருக்காதுன்னு நெனைக்கிறேன். மேல ஊர் பேரு சுங்கைப்பட்டாணின்னு இருக்கு. மலேசியாவுல அந்தப் பக்கம் யாருக்காவது சொந்தபந்தம் இருந்தா, அங்க பழைய செட்டியார் கிட்டங்கி எந்தத் தெருவுல இருந்துச்சுன்னு விசாரிச்சு சொல்லுவீகளா? வர்ற தை மாசம் போயிப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன், அத்தையும் வர்றேங்கிறாக.