மாதிரி நீதிமன்றமா, ஆய்விதழா: வேலைக்கு எது உதவும்?

கேள்வி:
சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாதிரி நீதிமன்றப் போட்டி (கற்பனை வழக்கில் மாணவர்கள் வாதாடும் போட்டி) அணியிலும் கல்லூரியின் சட்ட ஆய்விதழ் ஆசிரியர் குழுவிலும் ஒரே சமயத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டையும் ஏற்றால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சுகிறேன். வேலைக்கு ஆள் எடுப்போர் இவற்றை உண்மையில் பொருட்படுத்துகிறார்களா?

மறுமொழி 1:
பெரிய நிறுவனங்கள் பலவும் மதிப்பெண்ணை வைத்தே முதலில் வடிகட்டுகின்றன. அதைத் தாண்டிய பிறகுதான் மற்றவை கணக்கில் வரும். ஆய்விதழில் அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் மூலத் தீர்ப்போடு ஒப்பிட்டு, பத்தி எண் வரை சரிபார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் இளநிலை வழக்கறிஞரிடம் தொடக்கத்தில் ஒப்படைக்கப்படும் வேலையும் ஏறக்குறைய அதுவே என்பதால், தேர்வாளர்கள் அதை மதிக்கிறார்கள்.

மறுமொழி 2:
வழக்காடும் துறைக்குச் செல்ல விரும்பினால் போட்டியைக் கைவிடாதீர்கள். 1960 முதல் நடந்துவரும், பன்னாட்டுச் சட்டத்துக்கான ஜெஸ்ஸப் மாதிரி நீதிமன்றப் போட்டியில், ஒவ்வோர் அணியும் மனுதாரர், எதிர்மனுதாரர் ஆகிய இரு தரப்புக்கும் எழுத்துவாதம் தயாரிக்க வேண்டும். வாதத்தின் நடுவே நீதிபதிகள் குறுக்கிட்டுக் கேட்பதற்கு உடனே விடையளிக்கவும் வேண்டும். நேர்காணலில் அந்த வாதங்களை விளக்கத் தெரியாதவருக்குக் கோப்பை வென்றிருந்தாலும் பயனில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் மூலம் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயத் துறையில் நாட்டமிருந்தால், வியன்னாவில் நடைபெறும் விஸ் போட்டியையும் கவனியுங்கள்.

மறுமொழி 3:
மாணவர் சங்கங்களில் வெறும் பதவிப்பெயர்களைச் சேர்ப்பது வீண். உண்மையான கட்சிக்காரரைச் சந்தித்து மனு வரையும் சட்ட உதவி மையப் பணியை மேலே மறுமொழி தந்த நீங்கள் இருவரும் ஏன் குறிப்பிடவில்லை? அரசு, பொதுநலப் பணிகளுக்கு அதுவே முதலில் கேட்கப்படும்.