உப்புக்காற்றும் தேரிமண்ணும் ஐப்பசி மழையும்: வண்டியைத் துருவிலிருந்து காத்த அனுபவங்கள்

உவரிப் பக்கத்திலிருந்து, வாடகை வண்டி ஓட்டுபவர்:

என் ஓட்டத்தில் பாதி கடலோரம்தான். உவரி, பெரியதாழை, மணப்பாடு, திருச்செந்தூர். மீதி திசையன்விளை வழியாகத் திருநெல்வேலி. ஆனி, ஆடியில் காற்று அடிக்கும்போது கடல் தெறிப்பும் தேரி எனும் செம்மணல் மேடுகளின் மண்ணும் சேர்ந்தே வந்து வண்டியில் படியும். காலையில் கண்ணாடியைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும்.

ஆனால் சேதம் தெரியவருவது காற்றுக் காலத்தில் அல்ல, ஐப்பசி, கார்த்திகையில். காய்ந்த உப்பு தகரத்தின் மேல் சும்மா கிடக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. கடலோரத்து இரவுக் காற்றே போதும். மழைக்காலத்திலோ பகலிலும் அந்த ஈரம் விடுவதில்லை. காற்றுக்காலத்தில் சேர்ந்த உப்பெல்லாம் அப்போதுதான் வேலையைக் காட்டுகிறது.

"மழையே கழுவிவிடும்" என்று எங்கள் பக்கம் பலரும் சொல்வார்கள். கூரையையும் பானெட்டையும் கழுவும், சரி. மட்கார்டின் உள்மடிப்புக்கும் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்கும் மழை போவதில்லை. அங்கே போவது சக்கரம் வாரியடிக்கும் சேறுதான். தேரிமண் சேறு உப்பைத் தன்னுள் வைத்துக்கொண்டு, ஈரத்துணி சுற்றியதுபோலத் தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும். உப்பளத்திலிருந்து ஈர உப்பு ஏற்றிவரும் லாரிக்குப் பின்னால் ஓட்டினால் இன்னும் மோசம். சாலையில் சொட்டிய உப்புநீர் நேராக அடிப்பாகத்துக்கு வரும். அந்த லாரிகளைக் கண்டால் நான் தூரம் விட்டுத்தான் போவேன்.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி தினமும் வண்டி கழுவுவார். ஊரில் அவர் வண்டியைப் போலப் பளபளப்பு வேறு வண்டிக்குக் கிடையாது. ஆனாலும் கதவுகளின் அடிவிளிம்பு பொத்துப்போய்விட்டது. காரணம், கழுவிய தண்ணீர். கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவது உப்புத் தண்ணீர். வெயிலில் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு தெரிகிறதல்லவா, அதேதான் கதவுக்குள்ளேயும் படிகிறது. உடம்பை வருத்தி உப்பைப் பூசிக்கொண்டிருந்தார் அவர். பார்க்கவே மனது வலித்தது.

நான் செய்வது இது. திருநெல்வேலிக்குச் சவாரி வரும்போதெல்லாம், தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் பயன்படுத்தும் வாட்டர் சர்வீஸ் நிலையத்தில், வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகம் மட்டும் அடித்துக் கழுவச் சொல்வேன். மேலே கழுவாவிட்டாலும் பரவாயில்லை. தயவுசெய்து ஆற்றுக்குள் வண்டியை இறக்கிக் கழுவாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் குடிக்கின்றன.

சேரன்மகாதேவிக்காரர், இப்போது டொரன்டோவில்:

நீங்கள் சொல்வதை வாசிக்கும்போது இங்குள்ள குளிர்காலமே கண்முன் வருகிறது. இங்கே உப்பு காற்றில் வருவதில்லை, சாலையில் கொட்டப்படுகிறது. உப்புக் கலந்த நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது என்பதால் பனிக்கட்டி இளகும். ஆனால் சாதாரண உப்பு ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரி வரைதான் நன்றாக வேலை செய்யும். அதற்கும் கீழே குளிர் இறங்கினால் கால்சியம் குளோரைடு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுப்பவை. வண்டி காயவே காயாது.

இங்குள்ளவர்கள் இலையுதிர் காலத்திலேயே, முதல் பனிக்கு முன்பு, கதவுகளுக்குள்ளும் அடிச்சட்டத்திலும் எண்ணெய் அல்லது மெழுகு கலந்த காப்புத் திரவத்தை அடித்துவிடுவார்கள். குளிர்காலத்தின் நடுவே வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறும் நாள் பார்த்துக் கழுவுவார்கள். இல்லாவிட்டால் கதவுப் பூட்டு உறைந்துபோகும். டயரையும் மாற்றவேண்டும். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும்.

நான் இங்கே கற்றதில் உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. உப்பு படிந்த வண்டியைக் கழுவாமல் கதகதப்பான கொட்டகையில் நிறுத்தினால், வெளியே பனியில் நிற்கும் வண்டியைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். குளிர் துருவை மந்தப்படுத்தும், வெப்பம் முடுக்கும். நம் ஊரில் வருடம் முழுவதும் அந்தக் கதகதப்புதான். ஆகவே இங்குள்ளவர்களைவிட நீங்கள் அதிகக் கவனமாக இருக்கவேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து, டிங்கரிங் வேலை செய்பவர்:

உவரி அண்ணாச்சி சொன்ன தண்ணீர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. கடலோரத்து வண்டி பட்டறைக்குள் வந்தால் கதவைத் திறந்து அடிவிளிம்பைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். ஒவ்வொரு கதவின் அடியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. தேரிமண் அவற்றை அடைத்துவிடும். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் உள்ளேயே தேங்கும். மழைக்கு முன்பு ஓர் ஈர்க்குச்சியை விட்டுக் குத்திவிடுங்கள், அவ்வளவுதான். இதற்குச் செலவே இல்லை, செய்பவர்தான் குறைவு.

அண்டர் கோட்டிங், அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் காப்புப் பூச்சு பற்றிப் பலர் கேட்கிறார்கள். புது வண்டிக்கு, சுத்தமான காய்ந்த தகரத்தின் மேல் அடித்தால் நல்லது. துருவின் மேல் அடித்தால் கேடு. கூடங்குளம் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. கீழே பார்த்தால் கருகருவென்று தடித்த பூச்சு, ஒரு கீறல் இல்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினேன். பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே ஈரம். ஜாக்கி வைக்கும் இடம் விரலால் அழுத்தினாலே உள்ளே போயிற்று. அந்த வண்டியில் குடும்பத்தோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்துதான் அனுப்பினேன். ஓட்டையைப் பட்டி எனும் பசையால் மூடி, மேலே பெயிண்ட் அடித்துத் தருவதற்கும் ஆள் இருக்கிறார்கள். ஜாக்கி வைக்கும் இடத்திலும் அடிச்சட்டத்திலும் பட்டி போட்டால் அது உயிரோடு விளையாடுவது.

கழிவு ஆயிலை அடியில் அடிப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ரப்பர் புஷ் உப்பிப் பிளந்துபோகும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, மழையில் கழுவிக்கொண்டு குளத்துக்கும் வயலுக்கும் போகும். மெழுகுக் காப்புத் திரவம் கிடைக்கிறது, அதை அடியுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். பிரேக் குழாயைக் கட்டாயம் பாருங்கள். அது இரும்புக் குழாய். துரு அரித்துவிட்டால், காலை வைக்கும்போது பிரேக் இருக்காது.

ஆறுமுகநேரியிலிருந்து, பள்ளி ஆசிரியை:

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமுடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் கார் இருக்கை மட்டம்வரை மூழ்கி நின்றது, அதுவும் உப்பளங்களுக்குள் புகுந்து வந்த தண்ணீரில். வடிந்ததும் என் தம்பி சாவியைப் போட்டுப் பார்க்க ஓடினான், நான் விடவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, விரிப்பு, இருக்கை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கிடைத்த நல்ல தண்ணீரில் வண்டலைக் கழுவி, பிறகுதான் மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனோம். என்ஜின் பிழைத்தது. ஒயர் இணைப்புகளில் மட்டும் பச்சை பூத்து, பல மாதங்கள் கழித்துக்கூட ஒவ்வொரு விளக்காக அணைந்தது. விரிப்புக்குக் கீழே உள்ள பஞ்சை முழுவதும் மாற்றிய பிறகே உள்ளே துரு வாடை நின்றது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் காரை இறக்காதீர்கள். சாலையே அடித்துக்கொண்டு போயிருப்பதை அப்போது கண்ணால் பார்த்தோம்.

உவரிக்காரர் மீண்டும்:

டீச்சர், விரிப்புக்குக் கீழே பஞ்சு இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது; நாளைக்கே தூக்கிப் பார்க்கிறேன். பாளையங்கோட்டை அண்ணாச்சி, புரட்டாசி முடிவதற்குள் வண்டியைக் கொண்டுவருகிறேன். முதலில் அடியைத் தட்டிப் பாருங்கள், துரு இருந்தால் வெட்டிவிடுங்கள், மெழுகு அதற்குப் பிறகு அடிக்கலாம். எங்கள் தெரு அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் வண்டியின் கதவுகளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.