அம்மம்மாவின் கல்லுத்தோடும் என் சுடுதண்ணீரும்

அக்கராயன் குளத்தடி

பழைய நகையை வீட்டில் கழுவப்போய் பட்ட பாடுகளை எழுதுவோம் என்று இதைத் தொடங்குகிறேன். முதல் குற்றவாளி நானே.

அம்மம்மாவின் கல்லுத்தோடு, ஒரு காதுக்கு ஏழு சிவப்புக்கல். அவர் போன பிறகு அம்மாவிடம் இருந்து, தம்பியின் கலியாணத்துக்குப் போடச் சொல்லி என் கைக்கு வந்தது. எத்தனையோ வருட நல்லெண்ணெயும் சவர்க்காரமும் கல்லுக்கு இடையில் கட்டியாகக் கிடந்தன. அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் சலவைத்தூளைப் போட்டு அரை மணித்தியாலம் ஊறவிட்டேன். அழுக்கு எல்லாம் மிதந்து வந்தது. எனக்கு ஒரே சந்தோசம்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், இடது தோட்டில் இரண்டு கல் கறுத்துப்போய் இருக்கின்றன. ஒரு கல் நகத்தால் தொட்டாலே ஆடுகிறது.

கிளிநொச்சியில் ஒரு வயதான பத்தரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. “சுடுதண்ணியிலை போட்டனீங்களோ பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்ன பிறகுதான் விசயம் விளங்கியது. அந்தக் காலத்துக் கல்லுத்தோட்டில் கல் ஒரு மூடிய கூட்டுக்குள் இருக்கிறது. கல்லுக்குப் பின்னால் மினுங்கும் மெல்லிய தகடு, அதற்கும் பின்னால் அரக்கு. நாம் கல்லின் ஒளி என்று நினைப்பதில் பாதி அந்தத் தகட்டினுடையது. அரக்கு சூட்டில் இளகும். இளகினால் இடைவெளி வரும், அதற்குள் தண்ணீர் போகும், தகடு கறுக்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் செத்த கண் மாதிரித் தெரியும்.

தோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஓட்டை இருந்து கல்லின் அடி தெரிந்தால், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவலாம். பொன் தகடு மூடியிருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. குழந்தைக்குப் பல் விளக்கும் பிறஷை நனைத்து, உதறி, கல்லைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி பொன்னில் மட்டும் தேய்க்க வேண்டும். பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் ஒரு நாள் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தாலும் அரக்குக்கு ஆகாதாம். நம்மூர் வெயில் தெரியும்தானே.

புதுக்குடியிருப்புக்காரி

அக்கா, உங்களுடையது தண்ணீரில் கிடந்தது. எங்களுடையது மண்ணுக்குள் கிடந்தது.

2009 மாசியில் வீட்டை விட்டு இறங்கியபோது, அம்மாவின் தாலிக்கொடி, ஒரு முத்துச்சங்கிலி, என் சின்ன வயது வெள்ளிக்கொலுசு மூன்றையும் பொலித்தீனில் சுற்றி, பால்மா ரின்னில் போட்டு, கிணற்றடி முருங்கைக்குப் பக்கத்தில் அப்பா தாட்டார். கண்ணிவெடி அகற்றி, காணிக்குள் போக விட்டது 2012 இல்தான். முருங்கை இல்லை. கிணற்றுக்கட்டிலிருந்து அடி அளந்து அளந்து கிண்டினோம். நான்காவது குழியில் பிக்கான் ரின்னில் பட்டது.

ரின் முழுக்கத் துரு. பொலித்தீன் கிழிந்து மண் உள்ளே போயிருந்தது. தாலிக்கொடி செங்கல் துண்டு மாதிரி, கொலுசு கரி மாதிரி. முத்துச்சங்கிலியில் நூல் உக்கிப்போய், முத்துகள் மங்கி, தொட்டால் மாவு மாதிரிக் கையில் ஒட்டின. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

அம்மா உடனே தேய்க்கப் போனார். பெரியம்மா கையைப் பிடித்துவிட்டார். மணலோடு தேய்த்தால் பொன்னில் கீறல் விழும். பொன்னை விட மணல் எவ்வளவோ கடினம். தாலிக்கொடியை மழைத்தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டோம். காலையில் மண் தானாகக் கழன்று அடியில் கிடந்தது. பிறகு பழப்புளிக் கரைசலில் கொஞ்ச நேரம். புளி துருவைக் கரைக்கும், பொன்னை ஒன்றும் செய்யாது. இரண்டாம் தரம் எடுத்தபோது, தாட்ட அன்றிருந்த மாதிரியே இருந்தது. அந்தத் துரு பொன்னுடையது இல்லை, ரின்னுடையது.

கழுவிய மூன்றாம் நாள் தாலிக்கொடி வங்கிக்கு அடைவுக்குப் போனது. அந்தக் காசில்தான் கிணறு இறைத்தோம். கொலுசு இன்னும் கரியாகத்தான் கிடக்கிறது, யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

வவுனியா ஆசிரியை

தங்கச்சி, கொலுசுக்கு வழி இருக்கிறது.

கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள், சாப்பாடு சுற்றும் தாள்தான். கொலுசு அந்தத் தாளைத் தொட வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு கோப்பை கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு, மூடும் அளவுக்கு ஊற்றுங்கள். சில நிமிசத்தில் கூழ்முட்டை மணம் வரும், பயப்பட வேண்டாம். வெள்ளி கறுப்பது கந்தகம் சேர்வதால். இந்தத் தண்ணீரில் அலுமினியம் அந்தக் கந்தகத்தை இழுத்துக்கொள்ள, வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். தேய்த்துக் கறுப்பை எடுத்தால் வெள்ளியும் சேர்ந்து போகும், இதில் போகாது. மண்ணுக்குள் மூன்று வருடம் கிடந்ததற்கு ஒரு தரம் போதாது, இரண்டு மூன்று தரம் செய்யுங்கள். பூட்டு இத்துப்போயிருந்தால் முதலில் பத்தரிடம் காட்டுங்கள்.

நான் இதில் ஒரு பிழையும் விட்டேன். பூவேலை செய்த ஒரு பழைய குங்குமச்சிமிழை அப்படியே போட்டுவிட்டேன். பூவின் இடுக்கில் இருந்த கறுப்பு, வேலை எடுப்பாகத் தெரிவதற்காகச் செய்தவரே ஏற்றியது. அதுவும் சேர்ந்து போய், இப்போது சிமிழ் மொட்டையாக இருக்கிறது.

இன்னொன்று. வெள்ளியை ரப்பர் வளையம் போட்டு வைக்காதீர்கள். ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது, வளையம் இருந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

முள்ளியவளை

நாங்கள் கழுவவே இல்லை, கழுவக் கொடுத்தோம். அதுதான் கதை.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு கிழமை முந்தி, மெருகு போடுகிறேன் என்று சைக்கிளில் ஒருவர் வந்தார். கண்ணுக்கு முன்னாலேயே செய்வேன், நகையை எங்கும் கொண்டுபோக மாட்டேன் என்றார். அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். ஏதோ மஞ்சள் நிறத் தண்ணீரில் போட்டு எடுத்து, மஞ்சள்தூளால் தேய்த்து, நூறு ரூபாயோடு போய்விட்டார். சங்கிலி கடையிலிருந்து வந்த மாதிரி மினுங்கியது. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தோம்.

ஆவணியில் அடைவு வைக்கப் போனபோது தராசில் 22.9 கிராம். பழைய அடைவுச் சீட்டில் 24.2. ஒரு கிராமுக்கு மேல் காணவில்லை. நைத்திரிக்கமிலம் ஒரு பங்கும் ஐதரோக்குளோரிக்கமிலம் மூன்று பங்கும் சேர்ந்தால் பொன்னையே கரைக்கும் என்று மகனின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது, அரசநீர் என்று பெயர் வேறு. அந்த மனிதர் மிச்சத் தண்ணீரைக் கவனமாகப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

சிலம்புக்குள் மாணிக்கமா முத்தா என்று உடைத்துக் காட்டியவள் கண்ணகி. அவளின் பொங்கலுக்குப் போட, நாங்கள் நிறுத்துக்கூடப் பார்க்காமல் சங்கிலியைக் கொடுத்திருக்கிறோம்!

பத்தர் வீட்டுப் பெடியன், கண்டாவளை

அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

பழப்புளி வெறும் பொன்னுக்கு மட்டும். முத்தும் பவளமும் பதித்த நகையில் புளி, தேசிக்காய், வினாகிரி எதுவும் படக்கூடாது, அவை அரித்துவிடும். செவ்வாய்க்குப் பவள மோதிரம் போட்டவர்கள் தேசிக்காயால் தேய்த்துக் கொண்டுவந்து, கல் மங்கிவிட்டது, போலிக்கல்லா என்று அப்பாவோடு சண்டைக்கு நிற்பார்களாம்.

பற்பசையால் தேய்க்காதீர்கள். அதில் இருக்கும் தூள், 22 கரட் பொன்னைக் கீறும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் போதும், இல்லாவிட்டால் தலைக்கு வைக்கும் ஷாம்பு ஒரு சொட்டு. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரை எடுங்கள். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் கட்டும் அதே வெள்ளைதான் கல்லின் ஓரத்திலும் கட்டுகிறது.

2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட்டோம். அம்மா காப்போடு அந்தத் தண்ணீரை வாளிவாளியாக அள்ளி ஊற்ற, அப்பா பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. குளோரின் முதலில் பிடிப்பது பற்று வைத்த, அதாவது உருக்கி ஒட்டிய இடங்களையாம். குளியலறை கழுவும்போதும் கழற்றி வையுங்கள்.

அக்கராயன் அக்காவுக்கு: தகடு புதிதாக வைக்கலாம். ஆனால் வைத்தால் வேறு ஒரு கரைச்சல் வரும் என்று அப்பா சிரிக்கிறார்.

அக்கராயன் குளத்தடி

தம்பி, அப்பா சிரித்தது சரிதான்.

பத்தர் அந்த இரண்டு கல்லையும் எடுத்து, புதுத் தகடு வைத்து, அரக்கு ஊற்றித் தந்தார். இப்போது அந்த இரண்டும் கொள்ளிக்கட்டை மாதிரி எரிகின்றன, மற்ற ஐந்தும் பக்கத்தில் தூங்கி வழிகின்றன. “எல்லாத்துக்கும் புதுசு வைச்சு விடட்டோ?” என்று கேட்டார். பதினான்கு கல்லையும் கழற்றி அடுக்கும் யோசனையே எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கலியாண வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் என்னோடு கதைக்கும்போதெல்லாம் என் இடது காதைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.