தனி வலையமைப்பில் பிங் செல்கிறது, பெரிய தரவு மட்டும் பாதியில் நிற்கிறது

செந்தூல்வாசி (இரவு 11.42)
வணக்கம். சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்தில் இரண்டு சர்வர்களை வாடகைக்கு எடுத்து, ஒன்றில் இணையத்தளத்தையும் மற்றொன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே தனி வலையமைப்பு உள்ளது. பிங் (மறுமுனை பதிலளிக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) செல்கிறது, சிறிய வினவல்களுக்குப் பதிலும் வருகிறது. ஆனால், பெரிய அட்டவணையைக் கேட்டால் அப்படியே உறைந்துவிடுகிறது. காலையில் வாடிக்கையாளர் வந்துவிடுவார், தயவுசெய்து உதவுங்கள்.

பிறைக்காரன் (11.49)
எந்த இயங்குதளம்? முகவரிகள் என்ன? எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, எவ்வளவு? இது நேற்றுவரை வேலை செய்ததா, அல்லது தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா?

கிள்ளான்_கம்பி (11.53)
ஃபயர்வால்தான், ஐயமே வேண்டாம். போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

பழைய_வயர் (11.58)
சிறிய வினவலுக்குப் பதில் வருவதாக அவர் எழுதியிருக்கிறார், கம்பி. பூட்டிய கதவு குள்ளமானவர்களை மட்டும் உள்ளே விடுமா? செந்தூல்வாசி அவர்களே, பிறைக்காரன் கேட்ட நான்கையும் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் எல்லாரும் இந்நேரம் உறங்கியிருப்போம். இதை நான் சொல்வது எத்தனையாவது முறையோ!

செந்தூல்வாசி (நள்ளிரவு 12.06)
மன்னிக்கவும். உபுண்டு 22.04, முகவரிகள் 10.20.0.5, 10.20.0.6. வேகம் கூடும் என்று எங்கோ படித்துச் சென்ற வாரம் இரண்டிலும் எம்டியுவை 9000 ஆக்கினேன். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றவில்லை.

பிறைக்காரன் (12.15)
அதுதான் காரணம். இரு முனைகளும் 9000 என்று ஒத்துக்கொள்வதால் டிசிபி (தரவுத்தளம் பயன்படுத்தும் நெறிமுறை) பெரிய பொட்டலங்களை அனுப்புகிறது. இடையிலுள்ள சுவிட்ச் அவ்வளவு பெரியதை ஏற்காவிட்டால், யாருக்கும் அறிவிக்காமல் கீழே போட்டுவிடும். சாதாரண பிங் 56 பைட் மட்டுமே சுமப்பதால் தப்பிவிடுகிறது. துண்டாக்கத் தடை விதித்து 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் 1500. அதுவும் செல்லாவிட்டால் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கிள்ளான்_கம்பி (12.21)
ஒரு சர்வரில் மட்டும் குறைத்தாலே போதுமே.

பிறைக்காரன் (12.24)
டிசிபிக்குப் போதும், ஏனெனில் அது சிறிய அளவையே எடுத்துக்கொள்ளும். யுடிபி என்ற மற்றொரு நெறிமுறைக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. இரண்டிலும் மாற்றுவதே முறை.

ஜார்ஜ்டவுன்_இரவு (12.30)
கேட்காததைச் சொல்கிறேன்: தரவுத்தளப் போக்குவரத்தைக் குறியாக்கம் செய்திருக்கிறீர்களா?

கிள்ளான்_கம்பி (12.33)
தனி வலையமைப்பில் எதற்கு? 10 என்று தொடங்கும் முகவரிகள் இணையத்தில் செல்லாது. 1996-இலேயே அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

ஜார்ஜ்டவுன்_இரவு (12.41)
ஒதுக்கியது முகவரியைத்தான், இணைப்புக் கம்பியை அல்ல. அதே சுவிட்சில் பிற வாடிக்கையாளர்களின் போக்குவரத்தும் ஓடலாம். விலேன் (ஒரே சுவிட்சில் பல தனி வலையமைப்புகளை அமைக்கும் முறை) பிரிக்குமே தவிர மறைக்காது, அமைப்பில் ஒரு தவறு நேர்ந்தால் பிரிக்கவும் செய்யாது. குறியாக்கச் சுரங்கமான வயர்கார்ட் போடுங்கள்.

பழைய_வயர் (12.46)
போடுங்கள், ஆனால் அதன் வழக்கமான எம்டியு 1420, கீழே 1500 இருக்கும் என்று நம்பிக் கணக்கிட்டது. கீழே எவ்வளவு என்றே தெரியாதபோது இன்னொரு மாடி கட்டச் சொல்கிறீர்கள்.

செந்தூல்வாசி (12.58)
1422 பைட் பிங் சென்றது, 1423 செல்லவில்லை. 28 சேர்த்து இரண்டிலும் எம்டியுவை 1450 வைத்தேன், அட்டவணை வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

பிறைக்காரன் (1.03)
1450 என்றால் தரவு மையத்தினர் விஎக்ஸ்லேன் (ஒரு பொட்டலத்தை இன்னொன்றுக்குள் உறையிட்டு அனுப்பும் முறை) பயன்படுத்துகிறார்கள் போலும். அதன் உறைக்கு 50 பைட் போகும். வயர்கார்ட் போடுவதானால், 1500-க்கு 1420 என்பதுபோல 1450-க்கு 1370 வையுங்கள்.

பழைய_வயர் (1.07)
1450-ஐ உபுண்டுவின் வலையமைப்பு அமைப்புகளைச் சேமிக்கும் நெட்பிளான் கோப்பில் எழுதினீர்களா, கட்டளை வரியில் மட்டும் மாற்றினீர்களா? கோப்பில் 9000 இருந்தால், மறுதொடக்கத்தில் அதுவே திரும்பி வரும்.

பழைய_வயர் (காலை 8.20)
செந்தூல்வாசி?