கூலண்ட் குறையுது, சொட்டு எங்கேயும் காணோம்: 7 வருஷ ஜெர்மன் செடானை வைக்கவா, விற்கவா?

கியர்கிறுக்கன்:
போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜெர்மன் டர்போ செடான் எடுத்தேன். ஆறு சிலிண்டர், இப்போ 92,000 கி.மீ. ஓட்டத்துல குறை சொல்ல வாய் வராது. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம்) லைட் எரியுது, அரை லிட்டர் ஊத்தினா அணையுது. நின்ன இடத்துல ஈரமே இல்லை. நிறுத்தி இறங்கினா பானட் பக்கம் லேசா இனிப்பு வாடை. ஒர்க்‌ஷாப்ல, "ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சீல்) போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்"னு சொல்லி, வண்டி வாங்கின விலையில கால்வாசிக்கு எஸ்டிமேட் நீட்டுறாங்க. தள்ளிவிட்டுடலாமா?

ஸ்பேனர்:
டெஸ்ட் ஏதாவது பண்ணாங்களா? பண்ணலைன்னா பிரிக்க விடாதீங்க. வெளியே வாடை வந்தா பெரும்பாலும் கசிவும் வெளியேதான். சூட்டுல பாதி ஆவியாகும், மீதி அடியில இருக்கிற பிளாஸ்டிக் தட்டுல தங்கிடும், தரைக்கு வராது. இன்ஜின் ஆறினப்புறம் பிரஷர் டெஸ்ட் (கூலண்ட் பாதையில காத்தழுத்தம் ஏத்திக் கசிவு தேடுறது) போடச் சொல்லுங்க. தட்டைக் கழட்டிட்டு வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேத்தபடி கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற வால்வு), ஹோஸ் மூட்டு, எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலண்ட் ஊத்துற டப்பா) தையல் எல்லாத்துலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. காய்ஞ்ச கூலண்ட் உப்புப் பூத்த மாதிரி படிஞ்சிருக்கும். கேஸ்கெட் மேல சந்தேகம்னா, கூலண்ட் டேங்க்ல இருந்து வர்ற காத்தை ஒரு நீலத் திரவத்துக்குள்ள விட்டுப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு. இன்ஜின்ல எரிஞ்ச வாயு அதுல கலந்திருந்தா திரவம் மஞ்சளாகும்.

நாலுவளையம்:
நான் விற்கத்தான் சொல்வேன். வண்டி விலை பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், பார்ட்ஸ் விலை இறங்காது. ஆடி எஸ்4-ல அந்த 4.2 லிட்டர் வி8 ஞாபகம் இருக்கா? டைமிங் செயின் (வால்வுகளை இயக்குற சங்கிலி) கியர்பாக்ஸ் பக்கம். செயின் வேலைன்னா இன்ஜினையே இறக்கணும்.

ஸ்பேனர்:
அது வேற கதைங்க. பிஎம்டபிள்யூ எம்5-ல 2005 முதல் 2010 வரை வந்த வி10-க்கும் ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்ல சுத்துற இடத்து பேரிங்) தேயும்னு பேர் உண்டு. அந்த மாதிரி இன்ஜின்னா நானே "ஓடிடுங்க"ம்பேன். இங்க பிளாஸ்டிக்கும் ரப்பரும் வயசாயிடுச்சு, அவ்வளவுதான். ஆயிலை மட்டும் கம்பெனி சொல்ற கெடு வரை இழுக்காம 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாத்துங்க.

கியர்கிறுக்கன்:
அண்ணே, சொன்ன மாதிரியே! வேற மெக்கானிக்கிட்ட தட்டைக் கழட்டினோம். தெர்மோஸ்டாட் மூட்டுல வெள்ளையா பொருக்கு, விரல் வச்சா உதிருது. நீலத் திரவம் நீலமாவே இருக்கு. பம்ப் எலக்ட்ரிக், அதையும் மாத்தச் சொல்றார். அது நல்லாதானே ஓடுது?

ஸ்பேனர்:
சேர்த்தே மாத்துங்க. எலக்ட்ரிக் பம்ப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாம நிக்கும், கூலியும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அலுமினிய போல்ட்டா இருந்தா பழசைத் திரும்பப் போட விடாதீங்க, முறுக்குறப்போ அறுந்துடும். புதுசா கூலண்ட் ஊத்தினப்புறம் உள்ளே மாட்டின காத்தை வெளியேத்துற முறை மேனுவல்ல இருக்கும், அதைத் தாண்டாதீங்க.

கியர்கிறுக்கன்:
முடிஞ்சது. காத்தை வெளியேத்த, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, ஆக்சிலரேட்டரை 10 விநாடி மிதிச்சார். பம்ப் தானா 12 நிமிஷம் முனகிட்டு நின்னுச்சு. மொத்தச் செலவு முதல் எஸ்டிமேட்ல ஆறுல ஒரு பங்கு. மூணு வாரமாச்சு, லெவல் அசையலை. பின் டயர் ரெண்டும் மொட்டை, அதுக்கு இனிமேதான் அழணும்.