வாய்ட் டெக்கில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டிய கிறிஸ்துமஸ் கேக்: ஃபாண்டன்ட்டா, கிரீமா?

பொங்கோல்_புதுஅடுப்பு

வணக்கம். டிசம்பர் 24 மாலை எங்கள் புளோக் வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளம்) அண்டை வீட்டாருக்கு ஒரு சின்ன விருந்து, ஏறக்குறைய 40 பேர். ஏர்கான் கிடையாது, இரண்டு ஸ்டாண்ட் ஃபேன் மட்டும். கேக் 6 மணிக்கு மேசைக்கு வந்துவிடும். பிள்ளைகள் பாட்டெல்லாம் முடிந்து வெட்டும்போது 9.30, 10 ஆகிவிடும்.

மனதில் இருப்பது இரண்டடுக்கு: கீழே 20 செ.மீ., மேலே 15 செ.மீ. வெள்ளை ஃபாண்டன்ட் (மாவுபோல் தேய்த்துப் போர்த்தும் சீனிப் பூச்சு) போர்த்தி, சுற்றிலும் பனித்துகள் வடிவங்கள், உச்சியில் ஜிஞ்சர்பிரெட் வீடு, பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு சாண்டா. வருகிறவர்களில் முட்டை சேர்க்காதவர்கள் ஏழெட்டுப் பேர். மலாய்க் குடும்பங்களும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு.

முதல் நாளே அலங்கரித்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா? உள்ளே என்ன கிரீம் போட்டால் உருகாது? அளவோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

தேக்கா_ஓவன்

வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இங்கே கேக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். டிசம்பர் மழைக்காலத்தில் நம் சிங்கப்பூர்க் காற்றில் இருக்கும் நீராவி 23, 24 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்த எதை வெளியே கொண்டுவந்தாலும் வியர்க்கும். 4 டிகிரி ஃபிரிட்ஜிலிருந்து வரும் ஃபாண்டன்ட் கேக் பத்து நிமிடத்தில் பளபளக்கும், பிறகு பிசுபிசுக்கும், அதன்பின் சிவப்பு நிறம் வெள்ளைமேல் கோடு கோடாக வழியும். 24 டிகிரி ஏர்கான் அறையிலிருந்து வரும் கேக் அநேகமாக வியர்க்காது. அதனால் ஃபிரிட்ஜ் வேண்டாம். படுக்கையறை ஏர்கானை 24இல் வைத்து, கேக்கை நெளி அட்டைப்பெட்டிக்குள் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிவிடும்.

ஃபிரிட்ஜ் இல்லையென்றால் உள்ளே வைப்பதும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். ஃபிரெஷ் கிரீம், கிரீம் சீஸ், கஸ்டர்ட், வெட்டிய பழம் எதுவும் கூடாது. 5 முதல் 60 டிகிரிவரை கிருமி பெருகும் வெப்பநிலை. வாய்ட் டெக் முழுக்க அதற்குள்தான்.

மிச்சமிருப்பது சாக்லேட் கனாஷ், அதாவது நிறையச் சாக்லேட்டில் கொஞ்சம் சூடான கிரீம் கலந்த பூச்சு. குளிர் நாட்டுக் குறிப்புகளில் டார்க் சாக்லேட் 2, கிரீம் 1 என்று இருக்கும். இங்கே 2.5க்கு 1 போடுங்கள். கீழ் அடுக்குக்கு 750 கிராம் டார்க் சாக்லேட், 300 கிராம் விப்பிங் கிரீம் (35% கொழுப்பு). மேல் அடுக்குக்கு 450, 180. இது இடையில் வைக்கவும் வெளியே பூசவும் சேர்த்து. வெள்ளைச் சாக்லேட்டில் செய்தால் 4க்கு 1. அதைவிடத் தளர்ந்தால் நிற்காது.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, கிரீம் விளிம்பில் கொதி வந்ததும் மேலே ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளியே கலக்குங்கள். கிரீம் குறைவாக இருப்பதால் கட்டிகள் மிஞ்சும். மைக்ரோவேவில் 10, 15 வினாடிகளாகச் சூடாக்கிக் கலக்கினால் கரையும். ஒரேயடியாகச் சூடாக்கினால் எண்ணெய் பிரியும். பிரிந்தால் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டு ஹேண்ட் பிளெண்டரால் அடியுங்கள், திரும்பச் சேர்ந்துவிடும். கிளிங் ஃபிலிமை மேற்பரப்பில் படும்படி ஒட்டி, இரவு முழுக்க ஏர்கான் அறையில் இறுக விடுங்கள். வேர்க்கடலை வெண்ணெய்ப் பதத்துக்கு வந்த பிறகு பூச வேண்டும்.

பூசி முடித்து இன்னொரு இரவு இறுகியபின் ஃபாண்டன்ட். 20 செ.மீ.க்கு 750 கிராம், 15 செ.மீ.க்கு 500 கிராம், தடிமன் 3 அல்லது 4 மி.மீ. தேய்க்கும்போது ஐசிங் சுகர் தூவாதீர்கள், அதுவே ஈரம் இழுத்து ஒட்டும், சோளமாவு (கார்ன்ஃபிளவர்) தூவுங்கள். கனாஷ்மேல் கொதித்து ஆறிய தண்ணீரைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவினால் போதும். தண்ணீர் அதிகமானால் போர்வை சரியும்.

அடுக்கைத் தாங்க, கீழ் கேக்கில் ஐந்து பபிள் டீ ஸ்ட்ரா செருகி, கேக்கின் உயரத்துக்கு எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுங்கள். ஒன்று 2 மி.மீ. உயர்ந்தாலும் மேல் அடுக்கு சாயும். மேல் கேக் 15 செ.மீ. போர்டின்மேல் உட்கார வேண்டும். லிஃப்ட்டில் இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் கீழேயே ஏற்றுவது நல்லது.

செங்காங்_கிரீம்

ஃபாண்டன்ட்ட யாரு சாப்பிடுறா? உரிச்சுத் தட்டு ஓரத்துல வெச்சிடுவாங்க. சுவிஸ் மெரிங்கு பட்டர்கிரீம் போடுங்க. 150 கிராம் முட்டை வெள்ளை, 270 கிராம் சீனி, கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்கு மேல வெச்சு 71 டிகிரி வர்ற வரைக்கும் கலக்கணும். நல்லா அடிச்சு, கிண்ணம் ஆறினதும் 300 கிராம் பட்டர், 130 கிராம் ஷார்ட்டனிங் (வெள்ளைத் தாவரக் கொழுப்பு) கொஞ்சம் கொஞ்சமா. ஷார்ட்டனிங் சேர்த்தா பட்டர் மட்டும் போட்டதைவிட நல்லாத் தாங்கும். கிண்ணம் சூடா இருக்கும்போதே பட்டர் போட்டா தண்ணியா ஓடும். ஃபிரிட்ஜ்ல 15 நிமிஷம் வெச்சுத் திரும்ப அடிச்சா சரியாகும்.

தேக்கா_ஓவன்

சுவையில் உங்கள் பக்கம்தான் நானும். ஏர்கான் ஹாலில் விருந்து என்றால் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் ஷார்ட்டனிங் கலந்தாலும் 29, 30 டிகிரியில் நான்கு மணி நேரம் ஓரங்கள் கூர்மையாக நிற்காது. அதோடு முட்டை வெள்ளை வெளிப்பூச்சில் வந்துவிட்டால் முட்டை சேர்க்காதவர்களுக்கு முழு கேக்கும் போச்சு. ஃபாண்டன்ட்டை உரித்துப் போடட்டும், கீழே கனாஷ் இருக்கிறது.

ஹெய்க்ரோடு_அளவுக்கரண்டி

உணவுக் கட்டுப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஃபாண்டன்ட், மார்ஷ்மெல்லோ, சில தூவல் மணிகள் ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கலாம். உறையில் ஜெலட்டின் என்று இருக்கிறதா பாருங்கள். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரையோ தாவர ஜெலட்டின் குறிப்போ உள்ளதை வாங்குங்கள். சிவப்பில் இ 120 என்றால் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன், சைவர்களுக்கு ஆகாது. பளபளக்கும் மணிகளில் இ 904 ஷெல்லாக், அதுவும் பூச்சி வழிதான். பழக் கேக்கில் ரம் ஊற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிட்டு ஆரஞ்சுச் சாற்றில் ஊற வையுங்கள். வனிலா எசென்ஸிலும் ஆல்கஹால் இருக்கலாம்.

முட்டை விஷயத்தில் ஒரு வசதி: மேல் அடுக்கை முழுக்க முட்டையில்லாததாகச் செய்யுங்கள். 15 செ.மீ.யில் 12 துண்டு வரும், கீழடுக்கில் 24. 40 பேருக்குக் கொஞ்சம் இடிக்கும். அலங்காரமில்லாத தட்டு கேக் ஒன்று கூடவே வைத்துவிடுங்கள்.

மேலடுக்குக்கு: மைதா 190 கிராம், சீனி 200, கோகோ 25, சோடா உப்பு 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இதில் தண்ணீர் 240 மி.லி., எண்ணெய் 80 மி.லி., வினிகர் 1 மேசைக்கரண்டி. 15 செ.மீ. டின் இரண்டில் பிரித்து 175 டிகிரியில் சுமார் 30 நிமிடம். வினிகர் விழுந்ததுமே நுரை தொடங்கிவிடும், எனவே ஓவன் முன்கூட்டியே சூடாகியிருக்க வேண்டும். கலந்த மாவு காத்திருந்தால் கேக் நடுவில் அமுங்கும். இது மிருதுவான கேக். கீழடுக்கில் போட்டால் ஃபாண்டன்ட் பாரத்தில் வயிறு தள்ளும், கீழே பட்டர் கேக் அல்லது மட் கேக் போடுங்கள். வெட்டும்போது மேலடுக்கைப் போர்டோடு தூக்கித் தனி மேசையில் வைத்துத் தனிக் கத்தி.

பொங்கோல்_புதுஅடுப்பு

ரொம்ப நன்றி. ஜிஞ்சர்பிரெட் வீடு பற்றி யாராவது? ஒரு வாரம் முன்பே செய்து வைத்தால் சுவர் நமத்துப் போய்விடும் என்கிறார்கள். பனித்துகளுக்கு ராயல் ஐசிங் (முட்டை வெள்ளையும் ஐசிங் சுகரும் அடித்தது) சரிவருமா?

யீஷூன்_இஞ்சி

நமத்துப் போகும்தான், ஆனால் காரணம் தெரிந்தால் தடுக்கலாம். கோல்டன் சிரப், பழுப்புச் சீனி, தேன் எல்லாம் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். மணத்துக்காக சிரப்பைக் கூட்டினால் கூரை இரண்டு நாளில் குழியும். கட்டுமான மாவு தின்பதற்கான பிஸ்கட்டைவிடச் சற்றுக் கெட்டியாகவே இருக்கும்: மைதா 450 கிராம், பட்டர் 150, பழுப்புச் சீனி 150, கோல்டன் சிரப் 150, இஞ்சிப் பொடி 1 மேசைக்கரண்டி, பட்டைப் பொடி 2 தேக்கரண்டி, கிராம்புப் பொடி அரைத் தேக்கரண்டி. முட்டை இல்லை. சோடாவும் இல்லை, சோடா போட்டால் சுவர் உப்பி விளிம்பு வளையும், மூலைகள் பொருந்தாது. பட்டர், சீனி, சிரப்பை உருக்கி மாவில் ஊற்றிப் பிசையுங்கள். உதிர்ந்தால் ஒரு கரண்டி தண்ணீர்.

பேக்கிங் பேப்பர்மேல் 5 மி.மீ. தடிமனில் தேய்த்து, சுவர் கூரை அளவில் வெட்டி, பேப்பரோடு தட்டுக்கு மாற்றுங்கள். கையால் தூக்கினால் நீளும். 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுத்த கையோடு, சூடாக இருக்கும்போதே அளவு அட்டையை வைத்து ஓரங்களைச் சீவுங்கள், ஆறினால் உடையும். எல்லாம் ஆறிய பிறகு 120 டிகிரியில் இன்னொரு அரை மணி நேரம் உலர விடுங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. உள்பக்கம் முழுக்க உருக்கிய காம்பவுண்ட் சாக்லேட் பூசினால் ஈரம் புகாது. ஒட்டவும் அதுவே போதும். ராயல் ஐசிங் நம் ஊர் ஈரத்தில் இறுக மணிக்கணக்காகும், அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது! மேலும் அதில் முட்டை வெள்ளை.

சன்னல் கண்ணாடிக்குச் சீனிப் பாகு காய்ச்சாதீர்கள், மறுநாளே அழும். சீனிக்குப் பதிலாக ஐசோமால்ட் என்ற இனிப்புப் பொருள் வாங்கி 170 டிகிரிவரை உருக்கி, குமிழி அடங்கியதும் சன்னல் துளையில் ஊற்றுங்கள். கையில் பட்டால் தோல் உரியும் சூடு. பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

பனித்துகள்: 250 கிராம் வெள்ளை ஃபாண்டன்ட்டில் இறுகச் செய்யும் சிஎம்சி தூள் 1 தேக்கரண்டி பிசைந்து, இரவு மூடி வைத்து, 2 மி.மீ. தேய்த்து பிளஞ்சர் அச்சால் வெட்டுங்கள். ஏர்கான் அறையில் ஃபோம் தட்டின்மேல் இரண்டு நாள், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. காய்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில். வீட்டுக்கும் அதே டப்பா முறைதான். ஒரு வாரம் தாங்கும். சாண்டாவையும் இதே கலவையில் செய்யுங்கள். ஃபாண்டன்ட் பொம்மையை உள்ளே குச்சியில்லாமல் நிறுத்தினால் கழுத்து சாயும். குச்சி இருப்பதை வெட்டுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் 24ஆம் தேதி மதியத்துக்குப் பிறகு கேக்கில் ஏற்றுங்கள்.

செங்காங்_கிரீம்

வீட்டைச் சுத்திப் பனிக்கு ஐசிங் சுகர் தூவாதீங்க, அரை மணி நேரத்துல காணாமப் போயிடும். கரையாத ஸ்னோ சுகர்னு பேக்கிங் கடையில கேளுங்க. கொழுப்புப் பூசின சீனி அது. கிடைக்கலன்னா உலர் தேங்காய்த் துருவல், வாசனையும் நல்லா இருக்கும்.

அடுக்கு கேக் பயமா இருந்தா லாக் கேக் (மரக்கட்டை மாதிரி சுருட்டுற கேக்) மூணு பண்ணிடுங்க லா. 4 முட்டை, 90 கிராம் சீனி, 80 கிராம் மைதா, 25க்கு 35 செ.மீ. தட்டு, 180 டிகிரி, 10லேர்ந்து 12 நிமிஷம். சூடா இருக்கும்போதே பேப்பரோட சுருட்டி ஆறவிடணும்; வெடிச்சா அதிகமா வெந்துடுச்சுன்னு அர்த்தம். வெளியே கனாஷ் பூசி முள்கரண்டியால கோடு இழுத்தா மரப்பட்டை வந்துடும், வெடிப்பும் மறைஞ்சிடும்.

பொங்கோல்_புதுஅடுப்பு

கடைசியாக ஒன்று. வெள்ளை ஃபாண்டன்ட்டைச் சிவப்பாக்கினால் ரோஸ் நிறத்திலேயே நிற்கிறது. தொப்பிக்கு என்ன செய்ய?

ஹெய்க்ரோடு_அளவுக்கரண்டி

சிவப்பாகவே விற்கும் ஃபாண்டன்ட் 250 கிராம் பாக்கெட் வாங்கிவிடுங்கள். வெள்ளையில் அவ்வளவு ஜெல் கலந்தால் மாவு பிசுபிசுத்துக் கசக்கும். கலந்தே ஆக வேண்டுமென்றால் முதல் நாள் ஜெல் நிறம் பிசைந்து கிளிங் ஃபிலிமில் சுற்றி வையுங்கள், இரவில் நிறம் ஒரு படி ஏறும். திரவ நிறம் வேண்டாம். வெள்ளையைத் தேய்த்து முடித்த பிறகே சிவப்பைத் தொடுங்கள், நகக்கண்ணில் இருக்கும் துளி போதும் முழுப் பனியையும் ரோஸாக்க.