மூன்று துறைகளில் எழுதியவரின் ஹெச்-இண்டெக்ஸை எதோடு ஒப்பிடுவது?

எல்லைக்கோடு:
வணக்கம். முனைவர் பட்டம் தூய கணிதத்தில் வாங்கினேன், அப்புறம் சில வருடங்கள் தொற்றுநோய்ப் பரவலுக்கான கணித மாதிரிகள், இப்போது ஒரு மருத்துவக் குழுவோடு சேர்ந்து ஸ்கேன் படங்களில் மெஷின் லேர்னிங். உதவிப் பேராசிரியர் வேலைக்கான நேர்காணல் ஒன்றில் என் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கணிதத்துறைக்காரர் "இந்த மேற்கோள் எல்லாம் மருத்துவக் கட்டுரைகளில் வந்தவைதானே" என்றார், பக்கத்திலிருந்தவர் "மருத்துவம் என்று பார்த்தால் இது குறைவாச்சே" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கட்டுரையைத் திறந்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்படிப் பல துறைகளில் எழுதுகிறவர்களின் எண்களை நியாயமாகப் பார்க்க வழி இருக்கிறதா?

கரும்பலகை:
ஹெச்-இண்டெக்ஸ் என்ற அந்த ஒற்றை எண் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சான் டியாகோவில் இருக்கும் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு அது. உங்களுக்கு ஐந்து கட்டுரைகள், மேற்கோள்கள் 40, 12, 6, 4, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கு மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் நான்கு, ஆகவே ஹெச்-இண்டெக்ஸ் 4. முதல் கட்டுரை 40க்குப் பதில் 4,000 வாங்கியிருந்தாலும் அதே 4தான்! துறைக்குத் துறை எண்கள் வேறுபடும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார், உயிரியல்காரர்களுக்கு இயற்பியல்காரர்களைவிட அதிகமாக வரும் என்று. கணிதத்தில் ஒரு கட்டுரையின் கடைசியில் பதினைந்து இருபது மேற்கோள் இருந்தால் சாதாரணம், எழுதுகிறவர்களும் ஒருவர் இருவர்தான், வெளிவரவே வருடக்கணக்கில் ஆகும். மருத்துவத்தில் எல்லாமே நேர்மாறு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து வரும் எண்ணை எந்தத் துறையோடு ஒப்பிட்டாலும் தப்பாகத்தான் வரும்.

தரவுப்பெட்டி:
கரும்பலகை சொன்னது சரி. இதற்காகத்தான் துறைவாரியாகச் சமன்செய்த அளவுகள் வந்தன. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் எஃப்.டபிள்யு.சி.ஐ. (துறைக்கேற்பச் சமன்செய்த மேற்கோள் அளவு) என்று ஒன்று பார்த்திருப்பீர்கள்: அதே வருடம், அதே துறை, அதே வகைக் கட்டுரைக்கு உலகச் சராசரி 1. உங்களுடையது 1.5 என்றால் சராசரியைவிட ஒன்றரை மடங்கு.

ஆனால் உங்களைப் போன்றவர்கள் இதிலும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே துறையைத் தீர்மானிப்பது கட்டுரை அல்ல, அது வந்த ஜர்னல். அதே தொற்றுநோய் மாதிரியைக் கணித ஜர்னலில் போட்டால் கணிதக் கட்டுரைகளோடு ஒப்பிடுவார்கள், பொது சுகாதார ஜர்னலில் போட்டால் வேறு கூட்டத்தோடு. தவிர கட்டுரைகள் கொஞ்சமாக இருந்தால், நன்றாக ஓடிய ஒன்றே மொத்த சராசரியையும் தூக்கிவிடும்.

ஒரு துறையில் பிறந்து இன்னொரு துறையில் வாழும் கட்டுரைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கப்லான், மேயர் என்ற இருவர் 1958இல் எழுதியது. இருவரும் தனித்தனியாக அனுப்பியதை ஒன்றாக்கச் சொன்னவர் ஜர்னல் ஆசிரியர். வந்தது புள்ளியியல் ஜர்னலில்; இன்று புற்றுநோய் ஆய்வுகளில், நோயாளிகளில் எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டிப் படிக்கட்டு மாதிரி இறங்கும் அவர்களுடைய உயிர்பிழைப்பு வரைபடம் இல்லாத இதழே அரிது. உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று, ஆனால் முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அதை அவ்வளவாக யாரும் எடுத்துக்காட்டவில்லை, கணினிகள் பரவிய பிறகுதான் சூடுபிடித்தது. ஆரம்ப வருடங்களில் அந்த இருவரையும் உங்கள் நேர்காணலில் உட்கார வைத்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாலைநேரம்:
நான் சில தேர்வுக்குழுக்களில் இருந்திருக்கிறேன், அதனால் நடைமுறையைச் சொல்கிறேன். மொத்த எண்ணை நீங்களாக முதலில் வைக்காதீர்கள். கட்டுரைப் பட்டியலைத் துறைவாரியாக மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் முக்கியமான ஒன்றிரண்டுக்குக் கீழே, உங்கள் பங்கு என்ன, யார் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்துப் பேர் எழுதிய மருத்துவக் கட்டுரையில் படங்களைப் பிரிக்கும் முறை உங்களுடையது என்றால் அதை வெளிப்படையாகவே எழுதுங்கள், கணிதக்காரருக்கு அங்கே பெயர் வரிசையின் அர்த்தமே வேறு என்பது தெரியாது. கணிதத்தில் அகர வரிசை, மருத்துவத்தில் முதல் பெயரும் கடைசிப் பெயரும்தான் கணக்கு.

குழு பிடிவாதமாக எண் கேட்டால் இதைச் சொல்லலாம்: அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியல் போடும் கிளாரிவேட் நிறுவனமே 2018இல் பல துறைகளில் எழுதுகிறவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. 2023இல் கணிதத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள், மேற்கோள்கள் குறைவான சின்னத் துறை, செயற்கையாக ஏற்றிவிடுவது சுலபம் என்பதால்.

எல்லைக்கோடு:
மூன்று பேருக்கும் நன்றி. பெயர் வரிசை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம்: மெஷின் லேர்னிங் வேலை பாதி கான்ஃபரன்ஸ் பேப்பர்கள். அவற்றைத் தனியாகப் போடவா?

மாலைநேரம்:
தனியாகப் போடாதீர்கள், கடைசியில் தள்ளிவிட்டதுபோல் ஆகிவிடும். அந்தத் துறையில் நல்ல கான்ஃபரன்ஸுக்கு ஜர்னலுக்குச் சமமான மதிப்பு, முழுக் கட்டுரையையும் மதிப்பீட்டாளர்கள் படித்துத்தான் எடுக்கிறார்கள். மெஷின் லேர்னிங் பகுதியிலேயே சேர்த்து, மேலே ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள்.